மூணாவது சரணம்

உக்காருங்க அண்ணாச்சி, ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க. மூட்டைய என் காலுக்குக் கீழ தள்ளிவிடுங்க, ஒண்ணும் சங்கடமில்ல. எலுமிச்சம்பழந்தானே, வாசனையாத்தான் இருக்கு. புளியங்குடி சந்தைக்கா? நானும் புளியங்குடிதான். எனக்கு இந்தச் சீட்டுதான் வசதி. டிரைவர் தம்பி முகம் அந்தக் கண்ணாடியில நல்லாத் தெரியுது பாருங்க. ஒரே ஒரு உதவி செய்யணும். நான் பேசிக்கிட்டு வருவேன், பேச ஆரம்பிச்சா எனக்கு நிதானம் இருக்காது. நீங்க ஒரு கண்ண அந்தத் தம்பி மேல வச்சுக்கிடுங்க. போனை எடுத்தான்னா என்னயத் தட்டுங்க.

சிரிக்காதீங்க. நானும் டிரைவர்தான். அதனாலதான் பயம்.

நீங்க என் கழுத்தையே பாக்கீக. கேட்டுருங்க, எல்லாரும் கேக்கத்தான் செய்யுதாக. வைகாசி மாசத்துல, இந்த வேக்காட்டுல, கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமா ஒருத்தன் போறானே, வேண்டுதலா, இல்ல கிறுக்கான்னு. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ஒருத்தன் கேட்டான், என்ன சாமி, மலையில கூட்டம் அதிகமோ, இன்னும் வரிசையிலதான் நிக்கீகளான்னு. கேக்கட்டும். மாலை கெடக்குதுல்ல, பதில் சொல்லாம வந்துட்டேன்.

கார்த்திகை ஒண்ணாந்தேதி போட்ட மாலை இது. மலைக்குப் போயாச்சு, ஐயப்பனப் பாத்தாச்சு, அரவணைப் பிரசாதம் வாங்கிட்டு வந்து தெரு பூராவும் குடுத்தாச்சு. வந்த அன்னைக்கே கழட்டியிருக்கணும். கழட்டல. ஏன்னா பயம். கழட்டின மறு நிமிசம் என் வாயில இருந்து என்ன வரும்னு எனக்கே தெரியாது அண்ணாச்சி. 

என் பேரு சண்முகையா. சங்கரன்கோவில்ல பள்ளிக்கூட வேன் ஓட்டுதேன். சொந்த வேன், பள்ளிக்கூடத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கேன். என் வீட்டுக்காரி கோமதியும் அதே வேன்லதான் வருவா, பிள்ளைகளக் கையப் பிடிச்சு ஏத்தி இறக்கி விடுதது அவ வேலை. எங்க மக கனிஷ்கா மூணாங்கிளாசு. அவளும் அந்த வேன்லதான் போவா. குடும்பமே அந்த வண்டிக்குள்ளதான்னு வச்சுக்கிடுங்களேன்.

எனக்குக் கை சுத்தம், வண்டி சுத்தம், வாய் மட்டும் சரியில்ல. யாராவது ஒரு குறை சொல்லிட்டா போதும், அவுக சொல்லி முடிக்கதுக்குள்ள என் பதிலு போயி அவுக மூஞ்சியில அடிச்சிருக்கும். ஒரு அம்மா வண்டி லேட்டுன்னு சொன்னாக. உங்க பிள்ளைக்குப் பல்லக்கு அனுப்பட்டுமான்னு கேட்டேன். அடுத்த மாசத்துல இருந்து அந்தப் பிள்ளை ஆட்டோவுல போகுது. கோமதியோட அண்ணன், இப்ப நான் போறேனே, அந்த வீட்டுக்காரரு, அவுக வீட்டுக் காதுகுத்துல சாப்பாட்டுப் பந்தியில ஏதோ சொன்னாருன்னு, எச்சிக்கையோட நின்னு அவரு பரம்பரையவே இழுத்துப்புட்டேன். மூணு வருசம் போக்குவரத்து இல்ல. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டும்பாக. எனக்குப் புத்தி இருக்கு, என்ன, அது ஒரு மணி நேரம் கழிச்சு வரும்.

கோமதிதான் சொன்னா. இந்த வாய்க்கு ஒரு மருந்து பாருங்க, ஒரு மாலையப் போட்டாவது அடக்குங்க, இல்லன்னா ஒரு நாளைக்கு நம்ம மூணு பேரையும் இது தெருவுல நிறுத்திரும்னு. அதனாலதான் போன கார்த்திகையில மாலை போட்டேன். அப்ப பாருங்க, மாலை போடச் சொன்னதே அவதான். இத நீங்க ஞாபகத்துல வச்சுக்கிடணும்.

எங்க குருசாமி பேரு ஆவுடையப்பன். பஞ்சர் கடை வச்சிருக்காரு. கார்த்திகை மார்கழி தவிர மத்த மாசமெல்லாம் அவரு வாயும் நம்ம வாயி மாதிரிதான், லாரிக்காரன் ஒருத்தனையும் விடமாட்டாரு. ஆனா மாலை போட்டுட்டா ஆளு வேற. மாலை போட்டுவிடும்போது என் காதுகிட்ட வந்து சொன்னாரு. எவன் என்ன குறை சொன்னாலும் உடனே பதில் சொல்லாத. கண்ண மூடு. மனசுக்குள்ள மூணு சரணம் சொல்லு. மொத சரணத்துல கோவம் இறங்கும். ரெண்டாவது சரணத்துல ரோசம் இறங்கும். மூணாவது சரணம்... மூணாவது எதுக்கோ சொன்னாரு, மறந்துபோச்சு. அத விடுங்க. மூணு சொல்லிட்டு, அப்பவும் பதில் சொல்லணும்னு இருந்தா சொல்லுன்னாரு.

அண்ணாச்சி, அந்தத் தம்பி கண்ணாடியப் பாக்கானா? சரி, பாக்கான்.

சும்மா சொல்லக்கூடாது, மருந்து வேலை செஞ்சுது. பெட்ரோல் பங்குல ஒருத்தன் வண்டிய ஒழுங்கா நிறுத்துலேன்னான். கண்ண மூடினேன், மூணு சரணம், தொறந்தேன், சரி சாமின்னேன். அவன் பயந்துட்டான். பிள்ளைகளோட அப்பா அம்மா எல்லாரும், சண்முகையாவா இதுன்னு கேக்காக. எங்க கனிஷ்கா இருக்காளே, அவளும் என்னயப் பாத்துப் பிடிச்சுக்கிட்டா. வீட்டுப்பாடம் எழுதலன்னு அவ அம்மா ஏச ஆரம்பிச்சா, உடனே கண்ண இறுக்க மூடிக்கிடுவா. உதடு மட்டும் முணுமுணுன்னு அசையும். மூணு முடிச்சுத்தான் தொறப்பா. அதுக்குள்ள அவ அம்மா ஏசியே முடிச்சிருப்பா. எனக்குப் பெருமைன்னா பெருமை. கோமதிக்கு மட்டும் ஆங்காரம். கண்ண மூடுத பிள்ளை காதையும்லா சேத்து மூடிக்கிடுதுன்னா. பொம்பளைகளுக்கு இந்த ஆன்மிகமெல்லாம் எங்க வெளங்குது.

இப்ப விசயத்துக்கு வாரேன். கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க. 

கார்த்திகை மழை உங்களுக்குத் தெரியும். போன வருசம் நல்ல மழை. எங்க ஊருக் குளம் நெறஞ்சு மிச்சத் தண்ணி மறுகால்ல பாயுது. அந்த மறுகாலுக்கு மேல ஒரு சின்னப் பாலம், கைப்பிடிச் சுவரு ஒரு பக்கம் இடிஞ்சு கெடக்கும். காலைல பிள்ளைகள ஏத்திக்கிட்டு வாரேன், வண்டி நெறையப் பிள்ளைக. எதிர்த்தாப்புல ஒரு காரு. நான் பாலத்துல ஏறின பொறவு அவனும் ஏறப் பாக்கான். நான் ஹாரன் அடிச்சேன். அவன் நிறுத்திட்டான். பொறவு கண்ணாடிய இறக்கி ஒரு வார்த்தை சொன்னான் பாருங்க, என்னயப் பெத்தவளப் பத்தி. பிள்ளைக எல்லாம் கேக்குது. பழைய சண்முகையான்னா வண்டிய நடுப்பாலத்துல போட்டுட்டு இறங்கியிருப்பான். ஆனா மாலை கெடக்குது. குருசாமி சொன்னது ஞாபகம் வந்துச்சு. மொத சரணம் சொன்னேன். ரெண்டாவது சொன்னேன்.

வீல்னு ஒரு சத்தம். கண்ணத் தொறந்தா கோமதி பின்னால இருந்து பாஞ்சு வந்து ஸ்டியரிங்கப் பிடிச்சிருக்கா. எனக்கு நேரா ரோடு இல்ல. தண்ணிதான் தெரியுது. செவசெவன்னு தண்ணி. இடிஞ்ச சுவருப் பக்கம் முன் சக்கரம் போயி நிக்கி.

ஒண்ணும் ஆகல அண்ணாச்சி. ஒண்ணுமே ஆகல. பிரேக்கு அடிச்சுட்டேன், பின்னால எடுத்தேன், பள்ளிக்கூடத்துக்கு மணி அடிக்கதுக்கு முன்னாலயே போயாச்சு. ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறலு இல்ல. ஒண்ணும் ஆகல.

ஆனா கோமதி என்ன செஞ்சா தெரியுமா? பிள்ளைகள இறக்கி விட்டுட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை பேசாம, நேரா பெரிய டீச்சரம்மா அறைக்குள்ள போயிட்டா. நான் வெளிய வராண்டாவுல நிக்கேன். கதவு தொறந்துதான் கெடந்துச்சு. காதால கேட்டேன். டீச்சர், எங்க வீட்டுக்காரரு பாலத்து மேல கண்ண மூடிட்டாரு, விரதம் இருக்காகல்லா, விடியக்காலம் குளியலு, பஜனை, சரியான தூக்கம் இல்ல, அசந்துட்டாரு, மலைக்குப் போயிட்டு வந்து மாலை கழட்டுத வரைக்கும் வேற டிரைவர் போட்டுக்கிடுங்கன்னு சொல்லுதா. கட்டின பொண்டாட்டி. என் வண்டிய விட்டு என்னயவே இறக்கிவிட்டுட்டா. அன்னைக்குச் சாயந்தரம் என் வண்டிய வேற ஒருத்தன் ஓட்டுதான், அவ வழக்கம்போலப் பின்னால உக்காந்து போறா, நான் வேப்பமரத்துக்கடியில நின்னு பாக்கேன்.

வீட்டுக்கு வந்து சொன்னா. உங்ககிட்டச் சொல்லிட்டுச் சொல்லியிருக்கணும், ஆனா சொன்னா விடமாட்டீக, பிள்ளைக உசுரு பெருசுன்னா. நான் பதிலு சொல்லலையே. கண்ண மூடினேன். மூணு சரணம். தொறந்தேன். சரி மாளிகப்புறம்னேன். மாலை போட்டவுக பொம்பளைகள அப்படித்தான் கூப்பிடணும், பொண்டாட்டின்னாலும். அவ என்னயவே பாத்துக்கிட்டு நின்னா. ஏதாவது சொல்லுங்க சாமின்னா. நான் பூசைக்குப் போயிட்டேன்.

என்ன ஒரு கட்டுப்பாடு பாருங்க. நானே என்னய மெச்சிக்கிட்டேன்.

ஆனா உள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். சொல்லலயே தவிர, பதிலு ரெடியா இருக்கு. ராப்பகலா அதத் தீட்டுதேன். குளிக்கும்போது ஒரு வார்த்தை கூட்டுவேன், பஜனையில ஒரு வார்த்தை மாத்துவேன். அருவாள உரசுத மாதிரி. மாலை கழட்டட்டும், அன்னைக்கு இருக்கு அவளுக்குன்னு. ஒரே அடியில அவ பேச்சு அடங்கணும், அவ அண்ணன் பேச்சு அடங்கணும், அந்தப் பெரிய டீச்சர் பேச்சு அடங்கணும். அப்படி ஒரு பதிலு.

மலைக்குப் போனேன். இருமுடி தலையில, வாயில சரணம், நெஞ்சுல கோமதி. நீலிமலை ஏத்தத்துல மத்தவுகளுக்கு மூச்சு வாங்குது, எனக்கு வார்த்தை வருது. பதினெட்டாம் படியில காலு வச்சேன். ஒரு படிக்கு ஒரு வார்த்தையா அந்தப் பதிலத்தான் சொல்லி ஏறினேன். அப்ப எனக்கே அது தெரியல. மேல சன்னதிக்கு முன்னால கொண்டுபோயித் தள்ளுதாக. கண் முன்னால ஐயப்பன். இந்தா, இவ்வளவு கிட்ட. எல்லாரும் அழுதாக. நான் அந்தக் கடைசி வார்த்தைய எப்படி முடிக்கதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன். யோசிச்சு முடிச்சு நிமிந்து பாத்தா, போலீஸ்காரரு என்னயப் பிடிச்சு அந்தப் பக்கம் இழுத்து விட்டுட்டாரு. சாமியப் பாக்கவே இல்ல அண்ணாச்சி நான். அம்புட்டு தூரம் போயி, பாக்கவே இல்ல.

அப்ப வந்த பயம்தான் இது. இன்னும் போகல. இவ்வளவு விசத்த உள்ள வச்சுக்கிட்டு இந்தப் படி ஏறியிருக்கேனே, என்ன ஆகுமோ, யாருக்கு என்ன ஆகுமோன்னு. இறங்கும்போது வழியில ஒரு எடத்துல உக்காந்துட்டேன். மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம். எனக்கு இருமுடி காலி, மனசு கனம்.

வீட்டுக்கு வந்தோம். வாசல்ல தேங்காய ஒடைச்சாச்சு. குருசாமி மாலையக் கழட்டக் கைய நீட்டுதாரு. கோமதி ஆரத்தித் தட்டோட நிக்கா. மெல்லச் சொல்லுதா, கழட்டுங்க, உங்ககிட்டப் பேசணும்னு. அவ்வளவுதான். அந்தப் பதிலு எங்கிருந்து வந்துச்சோ, இந்தா, இங்க வந்து நிக்கி, தொண்டைக்குழியில. வாயத் தொறந்தா வந்து விழுந்துரும். அது விழுந்தா அந்த வீட்டுல ஒண்ணும் மிஞ்சாது.  ரெண்டு எட்டு பின்னால போயிட்டேன். குருசாமி, மகரஜோதி வரைக்கும் கெடக்கட்டும்னேன்.

மகரஜோதி வந்துச்சு. தைப்பூசம் கழியட்டும்னேன். பங்குனி உத்திரம் ஐயப்பன் பிறந்த நாளு, அன்னைக்குக் கழட்டலாம்னேன். பிறந்த நாளு அன்னைக்குக் கழட்டினா நல்லாவா இருக்கும்னேன். சித்திரை விசுன்னேன். இப்ப வைகாசி. குருசாமியே மாலைய எப்பவோ கழட்டிட்டுப் பழையபடி லாரிக்காரன ஏச ஆரம்பிச்சுட்டாரு.

ஒண்ணு சொல்லணும். மாலை கெடந்தா வீட்டுல யாரும் ஏசமாட்டாக அண்ணாச்சி. அது ஒரு சொகம். கோமதி ஏதோ கேக்க வருவா, என் கழுத்தப் பாப்பா, சாமி சாப்பிட வாங்கன்னு சொல்லிட்டுப் போயிருவா. தனிப் பாயி, தனித் தட்டு. வண்டி ஓட்ட முடியாது, பெரிய டீச்சர் மாலை கழட்டினாத்தான் சாவின்னுட்டாக. சரி, அதுவும் சாமி சோதனைன்னு இருந்தேன். சண்டை இல்ல, சச்சரவு இல்ல. வீடு கோயில் மாதிரி இருந்துச்சு. கோமதிதான் மெலிஞ்சுக்கிட்டே போனா. எதுக்குன்னு தெரியல.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளையக் கூட்டிக்கிட்டு அவ அண்ணன் வீட்டுக்கு வந்துட்டா, இந்தப் புளியங்குடிக்கு. போன வாரம் அவ அண்ணன் வந்து வாசல்லயே நின்னு சொல்லிட்டுப் போனாரு, அவ சொன்னத அப்படியே. சாமி கும்பிட எனக்குக் கோயில் இருக்கு. வீட்டுக்கு ஒரு மனுசன் வேணும். மாலையக் கழட்டிட்டு, என்கிட்டச் சொல்ல வேண்டியது நல்லதோ கெட்டதோ சொல்லிட்டு, எங்களக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. பள்ளிக்கூடம் தொறக்கதுக்குள்ள வரலன்னா கனிஷ்காவ இங்கனயே சேத்துருவேன். இவ்வளவுதான்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் தொறக்குது. பிள்ள போயிரும் அண்ணாச்சி. பிள்ள போனா இவளும் போயிருவா. எனக்கு வேற யாரு இருக்கா.

அந்தப் பதில உங்ககிட்டச் சொல்லவா? யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்கள இனிமே பாக்கப்போறேனா என்ன, சொல்லுதேன். கேளுங்க. ஏட்டி, நான் தூங்கினேன்னு ஊரு பூராவும் சொன்னியே, நான் தூங்கலட்டி. அவன் என்னயப் பெத்தவள ஏசினான். நான் பதிலுக்கு ஏசாம, கண்ண மூடி, சரணம் சொல்லிக்கிட்டிருந்தேன். சாமி பேரச் சொன்னவனத் தூங்கினான்னு சொல்லி வண்டிய விட்டு இறக்கினியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா. இதுக்குப் பொறவும் இருக்கு, அதெல்லாம் வேண்டாம், நீங்க பெரியவுக. எப்படி இருக்கு? தூங்கினேன்னு சொன்னது பொய்யா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

என்ன அண்ணாச்சி? மூட்டைய எதுக்கு உங்க பக்கம் இழுக்கீக?

அட, நான் இன்னைக்கு வண்டி ஓட்டலையே. பயப்படாதீங்க.

சரி. அதையும் சொல்லிருதேன். நேத்து கனிஷ்கா போன் போட்டா, அவ மாமா போன்ல இருந்து, திருட்டுத்தனமா. அப்பா, எப்ப வருவீகன்னா. பொறவு ரகசியமாச் சொல்லுதா. அப்பா, அம்மா அத்தைகிட்டச் சொல்லி அழுதாக. எங்க வீட்டுக்காரரு தூங்கல மதினி, சரணம்தான் சொன்னாரு, உதடு அசைஞ்சத நான் கண்ணாடியில பாத்தேன். ஆனா அதப் போயி பள்ளிக்கூடத்துல சொன்னா என்ன நினைப்பாக? தூக்கம்னா நாலு நாள் தூங்கினாச் சரியாயிரும், வண்டி திரும்பக் கிடைக்கும். கோவம் வரும்போதெல்லாம் கண்ண மூடுத ஆளுன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் பிள்ளைகள ஏத்த விடுவாகளா? அதான் தூக்கம்னு சொன்னேன், அவரு என்கிட்ட ஒரு வார்த்தை கேப்பாரு, சொல்லிப் புரிய வச்சிரலாம்னு இருந்தேன், கேக்கவே மாட்டேங்காரு மதினின்னு அழுதாகப்பான்னா.

போனை வச்சுட்டேன். 

அவளுக்குத் தெரியும் அண்ணாச்சி. மொதல்ல இருந்தே தெரியும். நான் இவ்வளவு நாளு தீட்டித் தீட்டி வச்சேனே, அந்தப் பதிலு, அது அவகிட்ட மொத நாளே இருந்திருக்கு. இப்ப நான் போயி அவ முன்னால நின்னு என்னத்தச் சொல்ல? முன்னால, பேசினா என்ன வந்துருமோன்னு பயந்தேன். இப்ப வாயத் தொறந்தா ஒண்ணுமே வராதோன்னு பயமா இருக்கு. இது அதவிடப் பெரிய பயமா இருக்கு.

ஏ தம்பி, ஏ தம்பி, பாத்து, லாரி! அண்ணாச்சி, பிடிச்சுக்கிடுங்க.

அப்பாடி. போயிட்டான்.

அம்மாடி, என்னா வசவு வையுதான் பாத்தீகளா நம்ம டிரைவர். லாரிக்காரனோட ஏழு தலைமுறையும் ரோட்டுல நிக்கி. பஸ்ல பொம்பளைக இருக்காகன்னுகூடப் பாக்கல. நான் மாலை போடுததுக்கு முன்னால இப்படித்தான் இருந்தேன். ஆனா... கண்ணாடியப் பாருங்க அண்ணாச்சி. நல்லாப் பாருங்க. வாயி அப்படி வையுது, கண்ணு ரோட்டுல இருக்கு. இமைக்கவே இல்ல. அந்தப் பக்கம் வார சைக்கிளுக்கு வழியும் விட்டுட்டான்.

அவன் அம்புட்டும் வஞ்சான், நம்ம எல்லாரையும் காப்பாத்தினான். நான் ஒண்ணும் வையல. சாமி பேரச் சொன்னேன். சொல்லிக்கிட்டே அந்தத் தண்ணிக்குள்ள...

என் பிள்ளையும் அந்த வண்டியிலதான் இருந்துச்சு அண்ணாச்சி.

ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகலன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்லா. கோமதி அன்னைக்குச் சாயந்தரம் என்கிட்டச் சொன்னா, பிள்ளைக உசுரு பெருசுன்னு. நான் கண்ண மூடினேன். மூணு சரணம் சொன்னேன். சொன்னது கோவத்துக்கும் ரோசத்துக்கும் மட்டுந்தான். மூணாவது... இருங்க. மூணாவது சரணம் எதுக்குன்னு குருசாமி சொன்னது இப்பதான் நினைவுக்கு வருது. சொன்னவன விடுலே, சொன்னதுல நிசம் இருக்கான்னு பாருன்னாரு. அதுக்குத்தான் மூணாவதுன்னாரு. மலையேறி எறங்கி, மாசக்கணக்கா மாலை போட்டு, அந்த ஒரு சரணத்த நான் சொல்லவே இல்ல.

பயமா இருக்கு அண்ணாச்சி. நிசமாவே பயமா இருக்கு. முன்ன இருந்தது அவளுக்கு என்ன ஆகுமோங்குற பயம். இது என்னயப் பத்தின பயம். இனிமே கண்ண மூடினா அந்தத் தண்ணிதான் வரும்.

புளியங்குடி வந்துட்டா? அதுக்குள்ளயா. இல்ல, இங்கனதான், இந்த நிறுத்தத்துலதான் இறங்கணும். மாலையக் குருசாமிதான் கழட்டணும்பாக, இல்லன்னா பெத்த தாயி. எங்க அம்மா இல்ல. கோமதியவே கழட்டச் சொல்லப்போறேன். முறையோ முறையில்லையோ, அவதானே போடச் சொன்னா. கழட்டிட்டு அவ என்ன சொல்லணுமோ எல்லாத்தையும் சொல்லட்டும். நான் ஒண்ணும் சொல்லல. கண்ண மட்டும் மூடக்கூடாது. அவ்வளவுதான். எம்புட்டு நேரம் ஏசினாலும் அவ முகத்தப் பாத்துக்கிட்டே நிக்கணும். என்னால முடியுமான்னு தெரியல.

அந்தா நிக்காளுக ரெண்டு பேரும். வந்துட்டாளே. காலைல வாரேன்னு மச்சானுக்குச் சொல்லிவிட்டேன், அவ வருவான்னு நினைக்கல. மெலிஞ்சுதான் போயிருக்கா. பிள்ளை எதுக்கு அம்புட்டு முன்னால வந்து ரோட்டுல நிக்கி? பஸ்ஸப் பாத்துட்டு ஓடியாந்துருக்கு. கோமதி பின்னால இருந்து ஏசுதா பாருங்க, பின்னால வாட்டீன்னு சொல்லுதா. சரியாத்தானே சொல்லுதா, போம்மா பின்னால.

அய்யோ. கண்ண மூடுதா அண்ணாச்சி. அம்மா ஏசுதான்னு கண்ண மூடுதா. உதடு அசையுது பாருங்க. பஸ்சு ஓரங்கட்டுது, அவ ரோட்டுல நின்னு கண்ண மூடிக்கிட்டுச் சரணம் சொல்லுதா.

தம்பி, நிறுத்து. நிறுத்துப்பா. ஏட்டி கனிஷ்கா! கண்ணத் தொற. கண்ணத் தொறம்மா. அம்மா சொல்லுததக் கேளு.

தொறந்துட்டா. பின்னால போயிட்டா. கோமதி இழுத்துக்கிட்டா.

ஒண்ணும் ஆகல.

அவ என்னயத்தான் பாக்கா, அண்ணாச்சி. கோமதி. நான் போட்ட சத்தம் கேட்டிருக்கும். மாலையப் பாக்கல, முகத்தப் பாக்கா. அந்த மூட்டையக் கொஞ்சம் நகத்துங்க. இறங்குதேன்.